சீட்டித் துணியும் கையில்லாச் சட்டையும்

வைகாசி மாதத்துத் தில்லி வெயிலை அறியாதவர் நம் சங்கத்துக் குடும்பங்களில் எவரும் இரார். காலை எட்டு மணிக்கே சுவர் சுடத் தொடங்குகிறது. நண்பகலில் 'லூ' என்னும் வெங்காற்று வீதிகளை வெறிச்சோடச் செய்கிறது. வெப்பம் 45 பாகையைத் தொடுவதும் இங்கு அரிதன்று. நம் ஊர்களில் வெயில் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆயினும் அங்கே மாலையானால் கடற்காற்றோ ஆற்றங்கரைக் காற்றோ வந்து உடலுக்கு ஆறுதல் அளிக்கும். இங்கோ இரவிலும் தரை தணிவதில்லை. ஆகவே, கோடையில் என்ன உடுத்துவது என்பது, என்ன சமைப்பது என்பதைப் போலவே, ஒவ்வோர் இல்லத்திலும் அன்றாடக் கேள்வியாகி விடுகிறது.

சென்ற கோடையில் அக்கேள்வி எங்கள் இல்லத்தில் ஒரு சிறு பூசலாகவே மூண்டது. கல்லூரியில் முதலாண்டு பயிலும் எங்கள் மகள், தோழியருடன் சரோஜினி நகர்ச் சந்தைக்குச் சென்று, தான் சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஓர் உடை வாங்கி வந்தாள். ஏற்றுமதிக்கென்று தைக்கப்பட்டு, ஏதோ ஒரு காரணத்தால் கப்பல் ஏறாமல் எஞ்சிய உடைகள் அச்சந்தையில் குவியல் குவியலாக விற்கப்படுவதை நேயர்கள் அறிவார்கள். அத்தகைய குவியலிலிருந்து எடுத்ததுதான் இதுவும். கழுத்துப் பட்டையில் நிறுவனத்தின் பெயர்ச்சீட்டைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறங்கும் பருத்தி உடை. வெண்ணிறத் தரையில் உள்ளங்கையளவு செம்பூக்கள். அவற்றைச் சுற்றி நீல இலைகள். கை மட்டும் இல்லை.

கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அவளுடைய பாட்டியார் அதைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "இங்கே உடுத்திக்கொள், கண்ணே. இந்த வெயிலுக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் கல்யாணத்திற்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைக்காதே," என்றார்.

"அப்படியானால், பாட்டி, நான் இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தியா?" என்று கேட்டாள் அவள்.

பாட்டியார் விடை கூறவில்லை. நாங்களும் கூறவில்லை. அக்கேள்வி ஓர் உடையைப் பற்றியது மட்டுமன்று என்பது எங்கள் இருவருக்கும் உடனே விளங்கிற்று. இருபது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்ந்துகொண்டு, ஆண்டுக்கொருமுறை ஊருக்குச் செல்லும்போதெல்லாம் பேச்சையும் நடையையும் மாற்றிக்கொள்ளும் நாங்கள், எங்கள் மகளுக்கு என்ன விடை கூற முடியும்? ஆகவே வேறொரு வழியை நாடினோம். இந்த உடை எங்கிருந்து வந்தது, இதன் மேலுள்ள பூ யாருடையது என்று தேடிப் பார்த்தோம். தேடியதில் கண்டவற்றை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூவின் பிறந்தகம்

நம் பாட்டிமார் 'சீட்டிப் பாவாடை' என்று சொல்லக் கேட்டிருப்போம். பூவேலை செய்த பருத்தித் துணிக்குத் தமிழில் சீட்டி என்று பெயர். இந்தியில் 'சீண்ட்' என்றும், ஆங்கிலேயர் நாவில் 'சின்ட்ஸ்' என்றும் வழங்குவது இதுவே. ஐரோப்பிய நாடுகளில் பெண்கள் பூப்போட்ட பருத்தி உடையை விரும்பி அணியத் தொடங்கியது 17-ஆம் நூற்றாண்டில். அத்துணியின் சிறந்த வகைகள் சென்றது சோழமண்டலக் கரையிலிருந்து. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு இதை வாங்கினார்கள். டச்சுக்காரர் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியதும், ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் இடம் பெற்றதும் துணி வாணிகத்தை முன்னிட்டே. வண்ணாரப்பேட்டை என்பது துணி வெளுப்போர் வாழ்ந்த இடம். 1734-இல் நெசவாளரையும் துணித்தொழில் செய்வோரையும் குடியேற்ற அமைத்த ஊரே சிந்தாதிரிப்பேட்டை. இவ்விரு பெயர்களையும் நாம் பேருந்துப் பலகையில் படித்திருக்கிறோம். அவற்றுக்குப் பின்னால் இருந்த சாயப்பானைகளை நினைத்ததில்லை.

அந்தப் பூ துணியில் ஏறிய விதம் வியப்புக்குரியது. முதலில் துணியை நன்றாக வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பற்றிக்கொள்ள உதவும். பாலின் கொழுப்பு தீட்டும் கோடு கசிந்து பரவாமல் காக்கும். ஓலையிலோ தாளிலோ ஊசியால் துளையிட்டு வரைந்த படத்தின்மேல் கரித்தூளைத் தட்டி, உருவத்தைத் துணியில் இறக்குவார்கள். பின்பு மூங்கில் எழுதுகோலால் இரும்புக் கரைசலைத் தொட்டுக் கருங்கோடு வரைவார்கள். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டுவார்கள். அப்போது அங்கே சிவப்பு தெரியாது. துணியைச் சாயவேர் இட்ட கொதிநீரில் காய்ச்சும்போதுதான், படிகாரம் பட்ட இடமெல்லாம் செம்பூவாக மலரும். படாத இடத்தில் சாயம் நில்லாது.

சாயவேர் என்பது இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர். சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளைந்தது. நீலம் வேண்டுமானால், நீலம் வேண்டாத இடமனைத்தையும் மெழுகால் மூடி, அவுரிச்சாயத் தொட்டியில் தோய்ப்பார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை இலை பிறக்கும். ஆனால் அந்த மஞ்சள் மட்டும் ஏனைய சாயங்களைப் போல உறுதியானதன்று, காலப்போக்கில் மங்கிவிடும். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் உள்ள பழைய சீட்டிகள் பலவற்றில் இன்று இலைகள் நீலமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். எங்கள் மகளின் உடையில் இலைகள் நீலமாயிருப்பதைக் கண்டு, "இலை எங்கேயாவது நீலமாக இருக்குமா?" என்று நாங்கள் நகைத்ததுண்டு. இதை அறிந்தபின் நகைக்கவில்லை.

ஐரோப்பியரை மயக்கியது பூவின் அழகு மட்டுமன்று. துவைத்தாலும் போகாத நிறம் அவர்களுக்குப் புதுமையாயிருந்தது. அந்த மறையை அறிய வேண்டுமென்றே ஆள் வைத்து விசாரித்தார்கள். புதுச்சேரிப் பகுதியில் பணியாற்றிய கேர்து என்னும் ஏசு சபைப் பாதிரியார், சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்த முறைகளை 1742-இல் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். கடிதம் எழுதியவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. கற்பித்த தொழிலாளரின் பெயர்கள் உலகறிய நிற்கவில்லை.

தடையும் தண்டனையும்

நம் கரையின் பூக்கள் பெற்ற வரவேற்பு, அந்நாடுகளின் பட்டு, கம்பளி நெசவாளரின் வயிற்றில் அடித்தது. பிரான்சு அரசு 1686-இல் இத்துணியை இறக்குவதற்கும், அதைப்போல் உள்நாட்டில் அச்சிடுவதற்கும் தடை விதித்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1700-இல் சட்டமியற்றி, கீழ்நாட்டிலிருந்து வந்த அச்சுத்துணிகளை உள்நாட்டில் அணிவதைத் தடுத்தது. ஆனால் வெள்ளைத் துணியை இறக்கி அங்கேயே அச்சிடும் வழி திறந்திருந்தது. ஆதலால் பூத்துணி மோகம் குறையவில்லை.

1719-இல் இலண்டன் நெசவாளர் வீதியில் இறங்கினார்கள். அவர்கள் தாக்கியது வணிகரையோ அமைச்சரையோ மட்டுமன்று. பூப்போட்ட பருத்தி உடை அணிந்து நடந்து சென்ற பெண்களை. உடலிலிருந்த உடையைக் கிழித்தார்கள். மையையும் திராவகத்தையும் அதன்மேல் வீசினார்கள். நெசவாளரின் பசி உண்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், வாணிகத்தில் நேர்ந்த குறைக்கு வழியே சென்ற பெண்ணின் உடை பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1721-இல் மற்றொரு சட்டம் வந்து, அச்சிட்ட பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்துவதையே தடுத்தது. அது 1774-இல்தான் நீங்கியது.

இத்தடைகளால் விளைந்தது என்ன? ஐரோப்பியர் அச்சிடும் கலையைத் தாமே கற்றுத் தேர்ந்தார்கள். பிரான்சில் தடை நீங்கிய மறு ஆண்டே, 1760-இல், ஒபர்காம்ப் என்பவர் வெர்சேல்சுக்கு அருகிலுள்ள ஜூயி என்னும் ஊரில் புகழ்பெற்ற அச்சுச்சாலையைத் தொடங்கினார். 1783-இல் தாமஸ் பெல் உருளைகொண்டு துணி அச்சிடும் இயந்திரத்திற்கு உரிமை பெற்றார். 1869-இல் சாயவேரின் சிவப்பைத் தரும் அதே பொருள் தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1897-இல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்தது. சாயவேர் தோண்டிய கைகளுக்கும் அவுரித் தொட்டியில் நின்ற கால்களுக்கும் வேலை போயிற்று. நம்மிடம் கற்ற பூவை மான்செஸ்டர் நமக்கே விற்றது. சீட்டிப் பாவாடை உடுத்திய நம் முன்னோருள் பலர், சீமைச் சீட்டியையே உடுத்தினார்கள்.

ஆரஞ்சுச் சாறும் பூச்சட்டையும்

கையில்லாத, உடலை இறுக்காத, பெரும் பூக்கள் நிறைந்த கோடை உடை இன்றைய உருவில் புகழடைந்தது அமெரிக்காவில். ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் என்னும் கடற்கரை ஊரில், லில்லி புலிட்சர் என்னும் பெண்மணி 1950-களின் இறுதியில் ஒரு பழச்சாற்றுக் கடை வைத்திருந்தார். அவர் கணவருக்கு ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்தன. பழம் பிழியும்போது உடையெல்லாம் கறை படிந்தது. கறை தெரியாதபடி அடர்ந்த நிறத்தில் பெரிய பூக்கள் போட்ட துணியில், கையில்லாத எளிய உடையொன்றைத் தைப்பித்துக்கொண்டார். சாறு வாங்க வந்தவர்கள் உடையைக் கேட்கத் தொடங்கினார்கள். நாளடைவில் சாற்றைவிட உடையே அதிகம் விற்றது. அவருடன் பள்ளியில் பயின்ற ஜாக்குலின் கென்னடி அவ்வுடையை அணிந்த படம் பத்திரிகையில் வெளிவந்ததும், அது நாடெங்கும் பரவிற்று.

கவனித்தால் ஒன்று புலப்படும். அலங்காரத்திற்காகப் பிறந்த உடையன்று அது. வெயிலில் நின்று வேலை செய்த ஒரு பெண், தன் வேலைக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்ட உடை. செல்வர்களின் விடுமுறை உடையாக அது பின்னர் மாறியது வேறு கதை.

கை என்னும் வழக்கு

பூ நம்முடையது எனக் கண்டோம். கையில்லாமை நம்முடையதன்று எனலாமா? அதுவும் எளிதில் சொல்லக்கூடியதன்று. ரவிக்கை எல்லாத் தமிழ்ப் பெண்களுக்கும் பொதுவான உடையாகிப் பல தலைமுறைகள் ஆகிவிடவில்லை. முந்தானையையே மேலாடையாகப் போர்த்தி, ரவிக்கை இல்லாமலே வாழ்ந்து மறைந்த கொள்ளுப்பாட்டிமாரை நம்மில் முதியோர் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். அவர்களை மரியாதை அறியாதவர்கள் என்று எவரும் சொல்லார்.

இதற்கு எதிரான நிகழ்ச்சியும் நம் வரலாற்றில் உண்டு. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய பகுதியில், நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதற்கு உரிமை கேட்டு 19-ஆம் நூற்றாண்டில் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. தோள்சீலைக் கலகம் என்று அதைக் கூறுவர். அணிந்தவர்களின் ஆடை பொதுவிடங்களில் கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளிவந்த அரசு அறிவிப்பு நாடார் பெண்களுக்கு அவ்வுரிமையை வழங்கிற்று. அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியலாகாது என்ற கட்டுப்பாட்டோடுதான் வழங்கிற்று.

இலண்டனில் பூப்போட்டு உடுத்தியதற்காகக் கிழித்தார்கள். திருவிதாங்கூரில் மறைத்து உடுத்தியதற்காகக் கிழித்தார்கள். கூடுதலாக உடுத்தினும் குறைவாக உடுத்தினும், பெண்ணின் துணிமேல் பிறர் கை நீண்டிருக்கிறது. எங்கள் வீட்டுப் பூசல் அத்தகைய கொடுமையன்று, அன்பினால் எழுந்தது. ஆயினும், "என்ன சொல்வார்களோ" என்னும் அச்சம் அதிலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வாங்குவோரும் தைப்போரும் கவனிக்க

நம் இல்லத்துப் பெண்கள் இத்தகைய உடையை விரும்பினால் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே கூறிவிடுவோம்.

துணி பருத்தியாக இருத்தல் வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சும். அது காற்றில் உலரும்போது உடல் குளிரும். பாலியெஸ்டர் கலந்த துணி பார்வைக்குச் சுருக்கமின்றி இருப்பினும் வியர்வையை அவ்வளவாக உறிஞ்சாது. மெல்லிய வாயிலானால் உள்ளே மல் துணியால் ஒரு புறணி வேண்டும். பாப்ளின் ஆனால் வேண்டுவதில்லை.

நிறம் நிற்குமா என்பதை அறிய, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் துணியின் மூலையைத் தேய்த்துப் பார்க்கலாம். சாயம் ஒட்டினால் முதற்சில துவையல்களில் தனியே துவைக்க வேண்டும். எப்போதும் உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்தினால் பூக்கள் நெடுநாள் வெளுக்காமல் இருக்கும்.

வீட்டில் தைப்போர், வெட்டுவதற்கு முன் துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். இன்றேல் தைத்தபின் சுருங்கும். பெரிய பூக்கள் கொண்ட துணி அரை மீட்டராவது கூடுதலாக வேண்டும். இருபுறமும் பூக்கள் பொருந்தி வரவும், காம்பு தலைகீழாகாமல் இருக்கவும் அது தேவைப்படும். கைக்குழியை ஆழமாக வெட்டிவிடலாகாது. முதலில் சிறிதாக வெட்டி, அணிந்து பார்த்து, கையை உயர்த்தியும் முன்னே நீட்டியும் சோதித்தபின் திருத்துவதே நன்று. அவ்வளைவை மடித்துத் தைத்தால் விறைத்து நிற்கும். குறுக்காக வெட்டிய நாடாவை, தையற்காரர் 'கிராஸ் பீஸ்' என்பார்களே, அதை வைத்துத் தைத்தால் தோளோடு படிந்து வரும்.

இன்னொன்று. கையில்லா உடை நிழலுக்கும் மாலைக்கும் உரியது. உச்சிவெயிலில் 'லூ' வீசும்போது திறந்த தோளைவிட, தளர்ந்த மெல்லிய பருத்தியால் மூடிய தோளே குறைவாகச் சுடும். இராஜஸ்தானத்து மக்கள் கடும் வெயிலிலும் உடல் முழுதும் தளர்வாகப் போர்த்திச் செல்வது காரணமின்றி அன்று. வெளியே செல்லும்போது மேலே ஒரு மல் துப்பட்டா இருப்பது பிறர் கண்ணுக்காக அன்று, தோலுக்காக.

ஊரில் நடந்தது

இவற்றையெல்லாம் ஓர் இரவு உணவுக்குப்பின் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாட்டியார் ஒன்றும் பேசாமல் கேட்டிருந்தார். பின்பு அந்த உடையைக் கொண்டுவரச் சொல்லி, மடியில் விரித்து, கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வொரு பூவாகத் தடவிப் பார்த்தார்.

"தேரிலே தொங்கவிடும் தொம்பையில் இப்படித்தான் பூப் போட்டிருக்கும்," என்றார். "சிக்கல்நாயக்கன்பேட்டையில் எழுதுவார்கள். சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். துணி முழுக்கப் புளித்த நாற்றம் அடிக்கும்."

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அவ்வூரில் கலம்காரி எழுதும் குடும்பத்தார் இன்றும் உள்ளனர். கருப்பூர்க் கலம்காரி என்னும் பெயரால் அக்கலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்கள் எத்தனையோ முறை அவ்வழியே சென்றிருந்தும் இறங்கிப் பார்த்ததில்லை.

உடை பெட்டியில் ஏறியது. வைத்தவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. திருமணத்தன்று எங்கள் மகள் பட்டுப் பாவாடையும் தாவணியும் உடுத்தினாள். அதையும் நாங்கள் சொல்லவில்லை. மறுநாள் மாலை, வெக்கை தாளாமல், பூச்சட்டையை அணிந்துகொண்டு திண்ணையில் வந்து அமர்ந்தாள். எதிர்வீட்டு அத்தையார் பார்த்துவிட்டு, "என்னடி, தையற்காரன் கை வைக்க மறந்துவிட்டானா?" என்றார்.

எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. விடை கூறியவர் பாட்டியார்.

"தில்லி வெயில் உனக்குத் தெரியுமா? ஒரு வைகாசி அங்கே வந்து இருந்து பார். அப்புறம் பேசலாம்."

அத்தையார் சிரித்துக்கொண்டே வந்து திண்ணையில் அமர்ந்து, துணியைத் தொட்டுப் பார்த்து, என்ன விலை என்று கேட்டார். பேச்சு அதோடு வேறு திசைக்குத் திரும்பிவிட்டது.

இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தியா என்னும் கேள்விக்கு முழு விடை எங்களிடம் இன்னும் இல்லை. வேற்றூரில் வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கேற்பத் தேடிக்கொள்ள வேண்டிய விடை அது. ஆயினும் எங்கள் மகள் அன்று ஒரே ஒருத்தியாக அத்திண்ணையில் அமர்ந்திருந்தாள். அருகில் அவள் பாட்டியார் அமர்ந்திருந்தார். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது இருவரையும் சிக்கல்நாயக்கன்பேட்டைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறோம்.